சாக்லேட் உருண்டையும் ஒரு தராசும்

வடபழனியில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இப்போதெல்லாம் ஒரு டப்பா நிரந்தரமாக இருக்கிறது. ஓட்ஸ், பீநட் பட்டர், கோகோ பவுடர், பேரீச்சம்பழம், ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர். எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி வைத்தால் வேலை முடிந்தது. அடுப்பே தேவையில்லை. "நோ பேக்" என்று மகள் பெருமையாகச் சொன்னாள். "பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் சேர்த்து உங்க பாட்டி பிடிச்சதும் இதேதான்" என்றேன். கேட்டுக்கொள்ளவில்லை!

அடுப்பு வேண்டாம் என்பது முழு உண்மை இல்லை. அடுப்பு வேலையை வேறு யாரோ முன்பே செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். பொட்டுக்கடலை வறுபட்டே கடைக்கு வருகிறது. ஓட்ஸ் ஆவியில் வெந்து, கோகோ வறுபட்டு வருகிறது. பச்சைப் பயறு வகைகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. சூடுதான் அவற்றை அடக்கும். நம் பாட்டிகள் மாவு அரைக்கும் முன் பருப்பை வறுத்தது மணத்துக்காக மட்டும் இல்லை.

இந்த உருண்டைக்கு ஓர் அரசாங்கக் கதையும் இருக்கிறது. 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் தொடங்கியது. அங்கே உருவான பல்நோக்கு உணவில் மூன்று பங்கு எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு, ஒரு பங்கு கடலை மாவு. கூடவே வைட்டமின்கள், கால்சியம். ஏழை நாடுகளின் பெரிய பிரச்சினை புரதப் பற்றாக்குறை என்று உலகமே நம்பிய காலம் அது. 1968இல் ஐ.நா.வே "புரத நெருக்கடி" என்று எச்சரித்தது.

இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்தியவர். அவர் குழு 1973இல் வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது. கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த ஒரு தின்பண்டம்: தினம் 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். 14 மாதம் அதைச் சாப்பிட்ட குழந்தைகள், சாப்பிடாதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள். அதாவது, குறை புரதத்தில் இல்லை, சோறே போதவில்லை. வயிறு நிறையாதபோது உடம்பு புரதத்தையும் விறகாக எரித்துவிடும்.

அடுத்து தமிழ்நாடு. 1980இல் உலக வங்கிக் கடனுடன் மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த லட்டுதான் அதன் உணவு. உள்ளூர்ப் பெண்கள் குழுக்களே பல இடங்களில் அதைத் தயாரித்தன. ஆனால் எல்லாருக்கும் லட்டு கிடையாது! 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் லட்டு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். எங்கள் தொழில் பாஷையில் இது சுத்தமான ஃபீட்பேக் லூப். தாய்க்கும் ஒரு செய்தி போய்ச்சேரும்: லட்டு மருந்து மாதிரி, வீட்டுச் சாப்பாடுதான் தினசரி.

இப்போது திரும்பவும் புரத அலை. இந்த முறை பசித்த குழந்தைகளுக்காக அல்ல, ஜிம்முக்குப் போகும் நமக்காக. பருப்பு குறைந்து அரிசி நிறைந்த தட்டில் புரதம் கூடுவது நல்லதுதான். ஆனால் பேரீச்சம்பழமும் பீநட் பட்டரும் சேர்ந்த உருண்டையில் கலோரியும் கணிசம். அன்று குழந்தைக்குத் தேவைப்பட்டதே அந்தக் கலோரிதான். நாற்பதைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது உபரி.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒன்று. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம் தீவனத்தில் இருந்த பூஞ்சை பிடித்த வேர்க்கடலை. அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு அப்படித்தான் தெரியவந்தது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. சுருங்கின, நிறம் மாறின, கசக்கிற கடலையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மகளிடம் கோபாலன் கதையைச் சொன்னேன். "அப்போ உனக்கு ஒண்ணு போதும்பா" என்று டப்பாவை மூடிவிட்டாள்.