அஸ்ஸபீர்: குண்டுகளுக்குத் தப்பி, கடனுக்குள் மூடப்பட்ட நாளிதழ்

லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் 42 ஆண்டுகள் வெளிவந்த 'அஸ்ஸபீர்' என்ற அரபு நாளிதழ் 2016ஆம் ஆண்டு முடிவோடு நின்றுபோனது. 15 வருட உள்நாட்டுப் போர், அச்சகத்தில் குண்டுவெடிப்பு, ஆசிரியர் மீதான துப்பாக்கிச்சூடு, நகர முற்றுகை ஆகிய எவற்றாலும் நிறுத்த முடியாத பத்திரிகை அது. உள்நாட்டுப் போர் முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னரே அது மூடப்பட்டது. அதன் கதையைத் தேடிப் படித்தபோது, ஒரு பத்திரிகைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அஸ்ஸபீர் என்றால் தூதர் என்று பொருள். பெக்கா பள்ளத்தாக்கைச் சேர்ந்த தலால் சல்மான் 1974 மார்ச் 26 அன்று அதன் முதல் இதழை வெளியிட்டார். குரலற்றவர்களின் குரல் என்பது அதன் முகப்பு வாசகம். எகிப்திய ஜனாதிபதி நாசரின் அரபுத் தேசியவாதத்தில் ஊறிய சல்மானுக்கு, பலஸ்தீன விடுதலையே பத்திரிகையின் மையம். 1933இல் தொடங்கப்பட்ட 'அந்நஹார்' அப்போது பெய்ரூட்டில் கோலோச்சியது. அதற்கு எதிரான இடதுசாரிக் குரலாக அஸ்ஸபீர் விரைவில் வளர்ந்தது.

சிரிய நாடகாசிரியர் சஅதல்லாஹ் வன்னூஸ் அதன் கலாசாரப் பக்கங்களைக் கவனித்தார். பலஸ்தீனக் கேலிச்சித்திரக் கலைஞர் நாஜி அல்அலி அங்கு வரைந்தார். நமக்கு முதுகு காட்டி நிற்கும் வெறுங்கால் அகதிச் சிறுவன் ஹன்தலா அவர் படைத்தவன். 1987இல் இலண்டனில் சுடப்பட்டு நாஜி அல்அலி உயிரிழந்தார்.

பத்திரிகை தொடங்கி ஓராண்டில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1980இல் அதன் அச்சகத்தில் குண்டு வைக்கப்பட்டது. 1982இல் இஸ்ரேலியப் படைகள் மேற்கு பெய்ரூட்டை முற்றுகையிட்டு, மின்சாரத்தையும் நீரையும் தடுத்தபோதும் பத்திரிகை வெளிவந்தது. 1984 ஜூலையில் சல்மான் தமது வீட்டுக்கு முன்னால் சுடப்பட்டார். முகத்திலும் மார்பிலும் காயமடைந்த அவர் உயிர் தப்பி மீண்டும் ஆசிரியர் நாற்காலிக்கு வந்தார். போர் முடிந்த பின்னும் தொல்லை ஓயவில்லை. இஸ்ரேலுடனான பேச்சுவார்த்தை தொடர்பான ஆவணமொன்றை வெளியிட்டதற்காக 1993இல் அரசாங்கம் பத்திரிகையை ஒரு வாரம் தடை செய்தது.

இவ்வளவையும் தாங்கியதற்குத் துணிவு மட்டும் காரணமல்ல, பணமும் இருந்தது. லெபனான் மிகச் சிறிய சந்தை. ஆனால் ஏனைய அரபு நாடுகளில் இல்லாத எழுத்துச் சுதந்திரம் அங்கு இருந்தது. ஆகவே லிபியா, ஈராக், சவூதி அரேபியா எனப் பல அரசுகளும் தத்தமது கருத்துக்கு ஆதரவு தேடி பெய்ரூட் பத்திரிகைகளுக்குப் பணம் கொடுத்தன. அஸ்ஸபீரும் கடாபி ஆட்சியின் லிபியப் பணத்துடனேயே தொடங்கியது. குரலற்றவர்களுக்காகப் பேசிய பத்திரிகையின் அடித்தளத்தில், தன் நாட்டில் எவரையும் பேசவிடாத ஓர் ஆட்சியின் பணம் இருந்தது. இந்த முரணை மறைத்துவிட்டு அதைப் புகழ்வது நேர்மையாகாது என்றே நினைக்கிறேன்.

2005இல் முன்னாள் பிரதமர் ரபீக் ஹரீரி கொல்லப்பட்ட பின் லெபனான் இரு அணிகளாகப் பிளந்தது. அஸ்ஸபீர் சிரியாவுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் நெருக்கமான அணியின் பத்திரிகையாகப் பார்க்கப்பட்டது. அதன் முன்னாள் தலைமை ஆசிரியர்களில் ஒருவரான ஜோசப் சமாஹா 2006இல் 'அல்அக்பார்' நாளிதழைத் தொடங்கியபோது, அதே வாசகர்களுக்கு இன்னொரு பத்திரிகையும் கிடைத்தது. பின்னர் இணையம் வாசகரையும் விளம்பரத்தையும் இழுத்துக்கொண்டது. பழைய புரவலர் ஆட்சிகள் சில கவிழ்ந்தன. எஞ்சியவை தொலைக்காட்சிகளுக்குப் பணத்தைத் திருப்பின. 2016 மார்ச்சில் மூடப்போவதாக ஊழியர்களுக்கு அறிவித்த சல்மான், பின்னர் முடிவைத் தள்ளிவைத்தார். நட்டத்தைப் பகிர எவரும் முன்வராததால் அந்த ஆண்டைத் தாண்ட முடியவில்லை.

அஸ்ஸபீருக்குப் பின் 2018இல் 'அல்அன்வார்' நின்றது. 2019இல் 'அல்முஸ்தக்பல்' அச்சிடுவதைக் கைவிட்டது. 2021இல் ஆங்கில நாளிதழ் 'டெய்லி ஸ்டார்' மூடப்பட்டது. எதிரெதிர் அரசியல் கொண்ட பத்திரிகைகளும் ஒரே நோயால் விழுந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

சல்மான் 2023 ஆகஸ்டில் காலமானார். 2012இல் வாராந்த இணைப்பாகத் தொடங்கிய 'அஸ்ஸபீர் அல்அரபி' மட்டும் தனி இணைய இதழாகத் தொடர்கிறது. போருக்குள் அச்சான பத்திரிகைகளைப் படித்து வளர்ந்த நாம், பத்திரிகை என்றதும் அதைத் தாக்கியவர்களையே முதலில் நினைக்கிறோம். அதை வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் கொடுத்த காசில் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்ற கணக்கை நாமும் போட்டுப் பார்க்க வேண்டும். அஸ்ஸபீர் விடயத்தில் அந்தக் கணக்கு ஒருபோதும் சரிவரவில்லை.