இரவல் அண்டாவில் வெட்டிய பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். இணையம் வழியாகப் பேசும் தொலைபேசிக்கு மென்பொருள் எழுதுகிற வேலையில் இருக்கிறான். "சார், எங்கள் மென்பொருளில் ஒரு கோப்பின் தலையில் 1998 என்று போட்டு எம்ஐடியின் பெயர் இருக்கிறது. இலவசமாகக் கிடைத்ததுதானே, அந்த வரியை அழித்துவிடு என்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்றான். "அழிக்காதே" என்று மட்டும் அன்று சொன்னேன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காணும். நமக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வகுத்தார். ஒரே பட்டியலை ஊரெல்லாம் சுமக்காமல், அவரவர் பகுதியின் பெயர்களை அவரவர் பார்த்துக்கொள்வது. வேண்டியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது.

அப்படிக் கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் நிரல் வேண்டுமே? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் டெரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிகிள், சாங்னியன் சோ என்ற நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள் எழுதினார்கள். அதற்கு பைண்ட் என்று பெயர். மாணவர்கள் எழுதியது என்பதைக் கவனியுங்கள்! அதில் கேள்வி கேட்கும் பகுதி யூனிக்ஸ் கணினிகளோடு சேர்ந்தே பரவியது. அஞ்சல் மென்பொருள் முதல் எல்லாவற்றுக்கும் அது பொதுச் சொத்துப்போல ஆனது.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கேட்ட நிரலை அப்படியே நிற்க வைத்துவிடும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் ஒரு முறைக்கு 5 விநாடி வரை காத்திருந்து, பிறகு மறுபடியும் ஒரு முறை கேட்கும். மின்னஞ்சல் 10 விநாடி தாமதமாகப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

தொலைபேசியின் கதை வேறு. எஸ்ஐபி என்பது இணையத் தொலைபேசியில் அழைப்பை ஏற்படுத்தும் முறை. 1999-இல் வெளிவந்து 2002-இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு போன் செய்தி அனுப்பி அரை விநாடிக்குள் பதில் வராவிட்டால் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். இப்போது நினைத்துப் பாருங்கள். நூறு பேர் பயன்படுத்தும் தொலைபேசி மென்பொருள் ஒருவருக்காகப் பெயர் விசாரித்துவிட்டு 5 விநாடி கல்லாய் நிற்கிறது. மற்ற போன்களெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டுகின்றன. கதவு திறப்பதில்லை.

விசாரிக்க வேண்டிய விஷயமும் கூடிவிட்டது. வெறும் எண் தெரிந்தால் போதாது. எந்த வழியில் பேசுவது, எந்தக் கணினி, எந்தப் போர்ட், அது படுத்துவிட்டால் அடுத்தது எது என்று படிப்படியாகக் கேட்க வேண்டும் என 2002-இல் விதி வந்தது. ஒரே அழைப்புக்கு மூன்று நான்கு கேள்விகள்!

இந்த இடத்தில்தான் என் மாணவன் பார்த்த 1998 வருகிறது. எம்ஐடியில் கிரெக் ஹட்சன் என்பவர் ஏரெஸ் என்ற சிறு நூலகத்தை எழுதினார். கேள்வியை அனுப்பிவிட்டு நிரல் தன் வேலையைப் பார்க்கலாம். பதில் வந்ததும் அது கூப்பிட்டுச் சொல்லும். தொலைபேசிக்காக எழுதியதல்ல. ஆனாலும் தொலைபேசிக்கு வேண்டியது அதுதான். ரீசிப்ரொகேட் என்ற திறந்த மூல எஸ்ஐபி மென்பொருளைச் செய்தவர்கள் அதைத் தங்கள் தொகுப்புக்குள் வைத்துத் திருத்திப் பயன்படுத்தினார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் அதில் மாற்றங்கள் செய்ய விரும்பினார். மூல ஆசிரியருக்கு எல்லாவற்றிலும் உடன்பாடில்லை. எனவே சி-ஏரெஸ் என்று தனிக்கிளை தொடங்கினார். சண்டையில்லை, வழக்கில்லை. உரிமமே அதற்கு இடம் கொடுத்திருந்தது.

மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளும் இதே பாடத்தைப் படித்தது. முதலில் கணினியோடு வந்த பழைய பகுதியையே நம்பியிருந்தது. 2016-இல் வந்த 14-ஆம் பதிப்பில், நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதிய அன்பவுண்ட் நூலகத்தைக் கொண்டு காத்து நிற்காமல் விசாரிக்கும் வசதி வந்தது. அப்போதும் புதிதாக எழுதாமல், பொருத்தமானதாகப் பார்த்துத்தான் இரவல் வாங்கினார்கள்.

சரி, அந்த ஒரு வரியை ஏன் அழிக்கக் கூடாது?

நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அக்கம்பக்கத்தில் அண்டா, குத்துப்போணி இரவல் வாங்குவோம். ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர் வெட்டியிருக்கும். வாடகை கிடையாது. ஆனால் பெயரைச் சுரண்டிவிட்டால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர்! ஏரெஸின் உரிமமும் அவ்வளவுதான் கேட்கிறது. எடுத்துக்கொள், மாற்று, விற்றாலும் சரி; இந்த அறிவிப்பை மட்டும் விட்டுவை. காசு வாங்காத ஒருவர் கேட்கும் ஒரே கூலி அது.

இன்னொரு காரணமும் உண்டு. டிஎன்எஸ் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 65,536-இல் ஓர் எண் இடுவார்கள். அதை முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் பொய்ப் பதிலை நுழைத்துவிடலாம். சி-ஏரெஸில் அந்த எண் ஊகிக்கக்கூடியதாக இருந்தது 2007-இல் தெரியவந்து, 1.4.0 பதிப்பில் சரிசெய்தார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று தெரிந்தவர்கள் திருத்தத்தை வாங்கிக்கொண்டார்கள். பெயரை அழித்துவிட்டு உள்ளே புதைத்தவனுக்கு யார் போய்ச் சொல்வது? அண்டாவில் ஓட்டை இருப்பது உரியவருக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தத் தம்பிக்குச் சொல்வதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அழிக்கச் சொல்பவர்களிடம் மரியாதையாகவே இந்த இரண்டாவது காரணத்தை எடுத்துச் சொல். நன்றிக் கணக்கு புரியாதவர்களுக்கும் ஓட்டைக் கணக்கு புரியும். நீ திருத்தியதில் நல்லது ஏதாவது இருந்தால் எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்பு. இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று உன் பாட்டி சொல்லியிருப்பாள்.

அடுத்த முறை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு இணையத்தில் பேசும்போது, மணி அடிப்பதற்கு முன்னால் வரும் அந்தச் சின்ன மௌனத்தைக் கவனியுங்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேரின் இரவல் உழைப்பு அப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்