நோயை முன்னறிதல்: யப்பானின் அனுபவம்

நோயை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பர். நோய்க்குறி எதுவும் தோன்றாதாரையும் தேடிச் சோதிக்கும் சுகாதாரத் திட்டங்கள் யாவும் இந்நம்பிக்கையின்மேல் எழுந்தவையே. ஆயின், முளைப்பவை யாவும் மரமாகத்தான் வளர்கின்றனவா? யப்பான் தேசத்தின் அனுபவம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

குழந்தைகளைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் ஒன்று நியூரோபிளாஸ்ரோமா. நரம்புத் தொகுதியின் முதிராத கலங்களிலிருந்து இது தோன்றுகின்றது. இக்கட்டி உண்டாக்கும் சில பொருள்கள் சிறுநீரில் வெளியேறும். ஒரு வயதின்முன் இந்நோய் காணப்பட்ட குழந்தைகளுட் பெரும்பாலோர் பிழைத்தனர்; அதன்பின், நோய் பரவிய நிலையிற் காணப்பட்டோர் பிழைத்தல் அரிதாயிருந்தது. ஆதலின், முந்தி அறிந்தால் உயிர்காக்கலாம் என வைத்தியர்கள் கருதியது இயல்பே.

1970களின் தொடக்கத்திற் கியோத்தோ நகரில் ஆரம்பமான சிறுநீர்ச் சோதனை, 1980களின் நடுப்பகுதியில் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை வடிதாளில் ஊறவைத்துப் பெற்றோர் தபாலில் அனுப்பினர். நோயாளர் எனக் கண்டறியப்பட்ட குழந்தைகளின் தொகை உயர்ந்தது; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். திட்டம் பெருவெற்றி எனவே தோன்றிற்று.

எனினும், ஓர் ஐயம் எழுந்தது. முளைகள் முன்னரே கிள்ளப்பட்டிருந்தால், வளர்ந்த பிள்ளைகளிடம் முற்றிய நோய் குறைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு குறைந்ததாகத் தெளிவாகவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 முதல் 1994 வரை பிறந்த குழந்தைகளும், ஜேர்மனியின் சில மாநிலங்களில் 1995 முதல் 2000 வரை ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளும் சோதிக்கப்பட்டு, சோதனையில்லாத பிரதேசங்களின் குழந்தைகளோடு ஒப்பிடப்பட்டனர். 2002இல் வெளியான இரு முடிவுகளும் ஒன்றையே உரைத்தன: கண்டறியப்பட்டோர் தொகை பெருகிற்று, மரணம் குறையவில்லை.

காரணம் யாது? சிசுப் பருவத்தில் தோன்றும் இக்கட்டிகளுட் பல தாமாகவே சுருங்கி மறைவன. உயிர்கவரும் வகையோ வேறு. அது பின்னர் விரைந்து வளர்வது. எனவே, ஒருபோதும் நோயுறாதிருந்திருக்கக்கூடிய குழந்தைகள் சத்திரசிகிச்சைக்கும் கடுமையான மருந்துகளுக்கும் ஆளாயினர். பிழைத்த தம் பிள்ளையைச் சோதனை காத்ததா, வீணே வருத்தியதா என்பதைப் பெற்றோர் எவரும் அறிய இயலாது. 2003இல் யப்பான் அத்திட்டத்தை நிறுத்தத் தீர்மானித்தது.

இதனால் முன்னறி சோதனை யாவும் வீண் என்று கொள்ளலாகாது. பீனைல்கீற்றோனூரியா என்னும் பிறவிநோயை நோர்வேயின் ஃபோலிங் 1934இல் விவரித்தார். 1950களில் அதற்குரிய உணவுமுறை வகுக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான றொபேட் கத்ரி, குழந்தையின் குதிக்காலிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தால் அந்நோயை அறியும் வழியை அமைத்தார். கவனியாது விட்டால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அந்நோய், உரிய உணவால் தடுக்கப்பட்டது. இங்கு நோயின் போக்கும் தெரிந்திருந்தது; பரிகாரமும் கையிலிருந்தது.

உலக சுகாதார தாபனத்துக்காக வில்சன், யுங்னர் ஆகிய இருவர் 1968இல் எழுதிய நூல், நோயின் இயல்பான போக்கை நன்கறிதல் வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்தது. கண்டறியப்பட்டோர் எத்தனைபேர் என்பது வெற்றியின் அளவுகோலன்று. காக்கப்பட்டோர் எத்தனைபேர், வீணே துன்புற்றோர் எத்தனைபேர் என்னும் இரண்டையும் ஒருங்கே நிறுத்தல் வேண்டும். நல்லெண்ணத்தோடு தொடங்கிய திட்டத்தைச் சான்று கண்டதும் கைவிடத் துணிந்தமை, யப்பான் விட்டுச்சென்ற பயனுள்ள பாடமாகும்.