பள்ளித் திடலும் மண்டபமும்: டெலிபோட்டோ ஜூம் லென்ஸின் வரலாறு



விளையாட்டுப் போட்டி நாள் நெருங்கிவிட்டால் பெற்றோர்கள் சிலர் என்னிடம் தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். "சார், தூரத்தில் ஓடும் பிள்ளையைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். கையில் அதிகப் பணம் இல்லை. எதை வாங்கலாம்?" ஒரு பெயரைச் சொல்லி இக்கேள்வியை முடித்துவிடலாம். ஆனால், அவ்வாறு யாரோ சொன்ன ஒரு பெயரை நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பயிற்சிக் கல்லூரியை முடித்து ஆசிரியராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், சேமித்த பணத்தைக் கொண்டு 300 மி.மீ. வரை நீளும் மலிவான லென்ஸ் ஒன்றை வாங்கினேன். பள்ளித் திடலில் எடுத்த படங்கள் யாவும் தெளிவாக வந்தன. அவ்வாண்டுப் பரிசளிப்பு விழா மாலை வேளையில் மண்டபத்தில் நடந்தது. பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்த மாணவி ஒருத்தி முதன்முறையாக மேடையேறிப் பரிசு பெற்றாள். நான் எடுத்த ஏழு படங்களிலும் அவள் முகம் கலங்கியே இருந்தது. மறுநாள் படம் கேட்டு வந்த பாட்டியிடம் நான் சொன்ன காரணம் அவருக்குப் புரியவில்லை. உண்மையில் அன்று எனக்கும் புரியவில்லை. அதனைப் புரிந்துகொள்ள முயன்றபோதுதான் இந்த லென்ஸின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நீளத்தைக் குறைத்த இருவர்

நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் உருப்பெருக்கும் கண்ணாடியைக் கொண்டு சன்னலின் உருவத்தைத் தாளில் விழச் செய்வார்கள். வில்லையின் குவியத்தூரம் கூடினால் உருவம் பெரிதாகும். தாளையும் அதற்கேற்பத் தள்ளி வைக்க வேண்டும். படக்கருவிக்கும் இதுவே விதி. 19ஆம் நூற்றாண்டில் தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாகப் படம்பிடிக்க விரும்பியவர், மிக நீளமான பெட்டியைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

1891ஆம் ஆண்டில் இலண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மையரும், ஜெர்மனியில் அடால்ப் மீத்தேயும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். முன்னே ஒரு குவிவில்லைத் தொகுதி, பின்னே ஒரு குழிவில்லைத் தொகுதி. பின்னுள்ள குழிவில்லை ஒளிக்கதிர்கள் குவிவதைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது. இதனால் குறைந்த நீளமுள்ள குழாயே நெடிய குவியத்தூரத்தைத் தந்தது. 'டெலிபோட்டோ' என்னும் சொல் குறிப்பது இவ்வமைப்பைத்தான்.

நீளம் குறைந்தது, ஆனால் ஒளியின் தேவை குறையவில்லை. குவியத்தூரத்தை ஒளி புகும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 300 மி.மீ. லென்ஸுக்கு எஃப்/5.6 வேண்டுமெனில் ஏறத்தாழ 54 மி.மீ. விட்டம் போதும், எஃப்/2.8 வேண்டுமெனில் 107 மி.மீ. தேவை. விட்டம் இரு மடங்கானால் கண்ணாடியின் பரப்பு நான்கு மடங்காகும். எடையும் விலையும் அதனோடு ஏறும். எந்த நிறுவனமும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

ஜூம் பிறந்த கதை

ஒரே லென்ஸில் குவியத்தூரத்தை மாற்றும் முயற்சி திரைப்படத் துறையில்தான் முதலில் வளர்ந்தது. 1932இல் வெளிவந்த 'குக் வாரோ' என்னும் ஆங்கிலேயத் தயாரிப்பு 40 முதல் 120 மி.மீ. வரை மாறக்கூடியதாக இருந்தது. ஆனால் ஜூம் லென்ஸுக்குப் பல வில்லைகள் தேவை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தனித்தனியே நிற்கும் பத்து வில்லைகளில் இருபது பரப்புகள் உண்டு. அவற்றைக் கடந்து வரும் ஒளி பாதிக்கும் குறைவே. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா, ஒளி பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டறிந்த பின்னரே இத்தடை தளர்ந்தது.

1959ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. பிராங்க் பேக் வடிவமைத்த 'ஜூமார்' 36–82 மி.மீ. லென்ஸை ஜெர்மனியின் வாய்க்லாண்டர் நிறுவனம் வெளியிட்டது. 35 மி.மீ. நிழற்படக் கருவிக்காக விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ் அதுவே. அதே ஆண்டில் நிக்கான் நிறுவனம் தன் புகழ்பெற்ற 'எஃப்' படக்கருவியோடு 85–250 மி.மீ. டெலிபோட்டோ ஜூம் லென்ஸையும் அறிவித்தது. கனமும் விலையும் மிகுந்த அந்த லென்ஸ் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டக்கூடியதாக இல்லை.

எளியோர் கைக்கு வந்தது எவ்வாறு?

இரண்டு மாற்றங்கள் விலையைக் கீழே கொணர்ந்தன. முதலாவது, கணினி. வில்லைகளின் ஊடே செல்லும் ஒவ்வொரு கதிரையும் மனிதர்கள் கையால் கணக்கிட்ட காலம் மறைந்தது. இரண்டாவது, படக்கருவி நிறுவனங்களைச் சாராத லென்ஸ் தயாரிப்பாளர்களின் வரவு. டாம்ரான், டோக்கினா, சிக்மா ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் பிறருடைய படக்கருவிகளில் பொருந்தும் லென்ஸ்களைக் குறைந்த விலைக்குத் தந்தன. 1970களின் நடுப்பகுதியில் வந்த விவிடார் 'சீரிஸ் 1' 70–210 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ், அமெரிக்காவில் கணினித் துணையோடு வடிவமைக்கப்பட்டு ஜப்பானில் தயாரிக்கப்பட்டது. மலிவானது தரமற்றது என்னும் எண்ணத்தை அது அசைத்தது.

பின்னர் விலையை மேலும் குறைக்க இன்னொரு வழி பரவியது. குவியத்தூரம் நீள நீளத் துவாரத்தின் அளவு ஈடுகொடுக்காமல் எஃப்/4இலிருந்து எஃப்/5.6க்குச் சென்றுவிடும். லென்ஸ் சிறியது, மலிவானது; விட்டுக்கொடுக்கப்பட்டது ஒளி. நான் வாங்கிய லென்ஸும் இவ்வகையைச் சேர்ந்ததே.

1995இல் கேனன் நிறுவனம் 75–300 மி.மீ. லென்ஸில் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பைச் சேர்த்தது. 2007இல் கேனன் 55–250 மி.மீ., நிக்கான் 55–200 மி.மீ. ஆகிய மலிவு விலை லென்ஸ்களுக்கும் அவ்வசதி வந்து சேர்ந்தது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவ்வமைப்பு நம் கையின் அசைவைத்தான் அடக்கும். பிள்ளையின் அசைவை அடக்காது. மண்டபத்தில் எஃப்/2.8 லென்ஸ் நொடியில் 250இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கும் படத்தை, எஃப்/5.6 லென்ஸ் எடுக்க நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்நேரத்திற்குள் பரிசு வாங்கும் பிள்ளையின் தலை அசைந்துவிடும். அன்று கலங்கிய முகத்திற்குக் காரணம் இதுவே.

வரலாறு காட்டும் வழி

1891 முதல் இன்று வரை நீளம், ஒளி, விலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வந்துள்ளன. மூன்றையும் ஒருங்கே பெற எளியவர்க்கு வழியில்லை. எனவே "எந்த லென்ஸ் நல்லது?" என்று கேட்பதற்கு முன், "என் பிள்ளை எங்கே நிற்பான்?" என்று கேளுங்கள்.

திடலில், பகல் வெயிலில் எனில் ஒளியை விட்டுக்கொடுக்கலாம். 55–250 மி.மீ. வகை லென்ஸ் போதுமானது. சிறிய உணரி கொண்ட படக்கருவியில் 250 மி.மீ. என்பது முழு அளவு உணரியில் 375 முதல் 400 மி.மீ. வரை தரும் காட்சிக்கு ஈடாகும். ஓட்டப் பந்தயத்திற்கு நொடியில் 500இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் எனில் நீளத்தை விட்டுக்கொடுங்கள். ஜூம் வசதியற்ற 50 அல்லது 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/5.6ஐ விட ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியைத் தரும். மேடைக்கு அருகில் செல்லத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்; அதற்குப் பணம் தேவையில்லை.

2018இல் கேனனும் நிக்கானும் ஆடியற்ற படக்கருவிகளுக்கெனப் புதிய பொருத்துவாயை அறிமுகப்படுத்திய பின், பழைய வகை லென்ஸ்கள் பழைய பொருள் சந்தையில் மலிந்துள்ளன. வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, உங்கள் படக்கருவியில் அது பொருந்துமா? இரண்டு, தானியங்கிக் குவியம் இயங்குமா? நிக்கான் டி40 போன்ற கருவிகளுள் குவிய மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அதில் கையால்தான் திருப்ப வேண்டும். மூன்று, பூஞ்சை. நம் நாட்டின் ஈரக்காற்றில் இதுவே பெரும் பகை. கைவிளக்கை லென்ஸின் ஒரு புறம் பிடித்து மறுபுறம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வேண்டாம். வாங்கிய பின் உலர் பெட்டியில் வைத்துப் பாதுகாத்திடுங்கள்.

இப்பொழுது என் பையில் இரண்டு லென்ஸ்கள் உள்ளன. இரண்டும் பழையவை, இரண்டும் சேர்ந்தும் அன்று வாங்கியதன் விலைக்கு வரவில்லை. ஒன்று திடலுக்கு, மற்றொன்று மண்டபத்திற்கு. நம் பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளியில் எடுக்கப்படும் படமே வீட்டில் மாட்டிவைக்க இருக்கும் ஒரே படம். அது தெளிவாக இருக்க வேண்டும் என்பதே என் அவா.