மாட்டுங்காவில் பழைய வீடு பார்க்கிறீர்களா? இதையெல்லாம் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க!

மும்பைக்கு வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு முதலில் காதில் விழும் பெயர் மாட்டுங்கா. ஃபில்டர் காபி, பூக்கடை, 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ்... இதோடு தெரு முழுக்க மர நிழல். அந்த நிழலில் நிற்கும் போருக்கு முந்தைய கட்டடங்களில் குடியேற யாருக்குத்தான் ஆசை வராது?

இவ்வளவு மரங்கள் எப்படி?

1896-ல் பம்பாயை பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் உருவான நகர மேம்பாட்டு டிரஸ்ட்தான் தாதர் - மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டது. அகலமான தெரு, கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி, ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். 1930-களில் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடங்களில் வளைந்த பால்கனி, தேக்குக் கைப்பிடி, மொசைக் தரை, உயரமான கூரை என அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால், பலவற்றில் லிஃப்ட் கிடையாது.

வாடகை கம்மி, விரிசல் ஜாஸ்தி

1947 வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ல் இருந்த வாடகையையே அடிப்படையாக வைத்தது. அதனால் பழைய 'பகடி' குடித்தனக்காரர்கள் பலர் இன்றும் சில நூறு ரூபாய்தான் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஓனர் எங்கே ரிப்பேர் பார்ப்பார்? கட்டடம் இடிபடாமல் நின்றதற்கும், பராமரிப்பில்லாமல் தேய்வதற்கும் இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* வீட்டைக் கொடுப்பவர் யார்? ஓனரா, பகடி குடித்தனக்காரரா? பகடிக்காரர் என்றால், ஓனரின் எழுத்துபூர்வ சம்மதம் இருக்கணும். இல்லாவிட்டால் அவரோடு சேர்த்து உங்களையும் காலி செய்யச் சொல்ல முடியும்.

* அக்ரிமென்ட் பதிவாகுமா? '11 மாசம்தானே, ரிஜிஸ்டர் வேண்டாம்' என்பார்கள். நம்பாதீங்க. 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி, லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆகணும். அது வீட்டைக் கொடுப்பவரின் பொறுப்பு.

* ஸ்ட்ரக்சுரல் ஆடிட் நடந்ததா? 30 வருடம் தாண்டிய கட்டடங்களுக்கு இது கட்டாயம். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

* ரீடெவலப்மென்ட் பேச்சு இருக்கா? இடித்துக் கட்டினால் புது வீடு ஓனருக்கும் பகடிக்காரருக்கும்தான். லைசென்ஸில் இருக்கும் நீங்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எத்தனை மாத நோட்டீஸ் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

* மழையில் எப்படி? கனமழை வந்தால் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்கும். தரைத்தள வீடு என்றால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். மேல்மாடி என்றால் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா எனப் பாருங்கள். முடிந்தால் ஜூலையில் போய்ப் பார்ப்பது பெஸ்ட்!

* வயரிங் தாங்குமா? ஏ.சி மாட்டும் முன் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

* ஜன்னலை மறைக்கும் கிளையை வெட்டலாமா? மாநகராட்சி அனுமதியில்லாமல் கூடாது. மரங்களுக்கு 1975-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

பால்கனியைப் பார்த்து மயங்குவதில் தப்பில்லை. பேப்பரையும் பார்த்துவிட்டு மயங்குங்கள்!