செப்பேடும் கணினியும்

திருமலை வேங்கடவன் கோயிலினுள் ஒரு சிறிய அறை உண்டு. தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் 15ஆம் நூற்றாண்டிற் பாடிய தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளிற் பொறிக்கப்பெற்று அவ்வறையில் வைக்கப்பட்டன. பொறிப்பித்தவர் அவர்தம் மைந்தர் பெத்த திருமலாசாரியார். பிற்காலத்தார் ஏடுகளை மறந்தனர். 20ஆம் நூற்றாண்டில் அவை வெளிப்போந்தபோது பல்லாயிரம் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. பாடியவர் ஒருவர், காத்தது அவர் குடும்பம்.

தொலைக்காட்சி ஒளிபரப்பும் காற்றிற் கலக்கும் பாட்டைப் போன்றதே. நிலையத்தார் அதனைக் காப்பர் என்று நம்புகிறோம். வரலாறு வேறு கூறுகிறது. 1960களில் ஒளிப்பதிவு நாடா விலை மிக்கது. ஆதலின் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகள் இவ்வாறு மறைந்தன. எனினும் மறைந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்றுள்ளது. நேயர் சிலர் வீட்டிலேயே அதனை நாடாவிற் பிடித்து வைத்திருந்தனர்!

படத்தையும் வீட்டிற் பதிய 1975இல் ஸோனியின் பீட்டாமேக்ஸ் கருவி வழிசெய்தது. பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பிறகு பார்ப்பதற்காகப் பதிவது குற்றமன்று என 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதரித்த நீதிபதிகள் 5 பேர், மறுத்தவர் 4 பேர். 1990களில் இவ்வேலை கணினிக்கு வந்தது. டியூனர் அட்டை ஒன்றைக் கணினியிற் பொருத்தி, ஆண்டெனாக் கம்பியை இணைத்தால், நொடிக்கு 25 படங்கள் எண்களாக மாறும். கணினி அவற்றைச் சுருக்கி வட்டில் எழுதிவிடும்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்தப் பயனுக்காகவும் கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்காகவும் ஒளிபரப்பைப் பதிவதற்கு இடந்தருகிறது. ஆயின், கேபிள் ஒளிபரப்பு பற்றிய சட்டம் 2011இல் திருத்தப்பட்டபின், அலைகள் பூட்டிடப்பெற்று செட்டாப் பெட்டி வழியாக வரலாயின. பழைய அட்டை அவற்றைப் படிக்க இயலாது. பெட்டியிலிருந்து வெளிவரும் படத்தைக் கணினிக்குக் கொணரும் கருவியே பலருக்கும் எஞ்சிய வழி.

இதனை நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்தது. திருப்பதியிலும் சித்தூரிலும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்தம் விழாவோ பேச்சோ ஒருநாள் திரையில் தோன்றினால், எந்த மாநிலத்து நிலையம் அதனைத் தனதென்று பேணும்? பம்பாயிலோ தில்லியிலோ வாழும் நமக்கும் இக்கேள்வி பொருந்தும். பதிந்துவையுங்கள், நாளும் நிலையத்தின் பெயரும் குறித்துவையுங்கள், மற்றொரு படியை வேறோர் இடத்தில் வையுங்கள். செப்பேட்டைக் காத்த மைந்தர் செய்த பணியும் இதுவே அன்றோ!