பதினோரு டாலர் கணக்கு

ஓர் உயிர் என்ன விலை? சுமார் 2 லட்சம் டாலர்! நான் சொல்லவில்லை சார், 1972-ல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை போட்ட மதிப்பு.

ஃபோர்டு 'பின்ட்டோ' காரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மன், ஜப்பான் குட்டிக் கார்களைச் சமாளிக்க லீ அயகோக்கா போட்ட உத்தரவு: எடை 2,000 பவுண்டு, விலை 2,000 டாலர், இரண்டுமே தாண்டக் கூடாது. 1970-ல் கார் வந்தேவிட்டது. பெட்ரோல் டேங்க் இருந்த இடம்தான் வில்லங்கம். பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே! பின்னாலிருந்து யாராவது பலமாக இடித்தால் டேங்க் முன்னால் நகர்ந்து, அச்சிலுள்ள போல்ட்டுகள் அதைக் குத்திக் கிழிக்கும். அப்புறம் ஒரு தீப்பொறி போதாதா?

1977-ல் 'மதர் ஜோன்ஸ்' பத்திரிகை ஃபோர்டின் கணக்கு ஒன்றை அம்பலப்படுத்தியது. வண்டிக்கு 11 டாலர் வீதம் சரிசெய்ய 13.7 கோடி டாலர். 180 சாவு உள்பட மொத்த நஷ்டமே 4.95 கோடிதான். ஆக, சரிசெய்வது கட்டுப்படியாகாது! ஊரே கொதித்தது. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்கு பின்ட்டோவுக்காகப் போட்டதல்ல. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் ஒழுகுவது பற்றி, எல்லா வண்டிகளுக்குமாக அரசிடம் கொடுத்தது. அதற்காக ஃபோர்டு உத்தமர் என்று அர்த்தமில்லை. டேங்க் கிழியும் சங்கதி அவர்களுடைய சொந்தச் சோதனைகளிலேயே தெரிந்ததுதான்.

1978 ஜூனில் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். வைத்தியம்? டேங்குக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, கொஞ்சம் நீளமான பெட்ரோல் குழாய். அவ்வளவுதாங்க!

ஆகஸ்டில், இந்தியானாவில் ஒரு பின்ட்டோவை வேன் இடித்து, மூன்று இளம்பெண்கள் தீக்கு இரையானார்கள். ஃபோர்டு மீதே கொலை வழக்கு. 1980-ல் ஜூரி விடுவித்துவிட்டது. காரைக் கொண்டுவரச் சொல்லி அந்த வீட்டுக்குக் கம்பெனியின் கடிதம் வந்தது. பல மாதம் கழித்து.